நாலு காலேஜும் மஞ்சள் தடவிய கடிதமும்

எனக்கு முன்கோபம் உண்டு. இதை நானே சொல்லிக்கொள்வதில் வெட்கம் ஒன்றுமில்லை. எனக்கு முன்னாலேயே என் அப்பா இதை நான்கு ஊர்களுக்கு எழுத்து மூலம் தெரிவித்துவிட்டார்.

யுத்தம் முடிந்த மறுவருஷம் அது. சேலத்தில் தங்கி இன்டர்மீடியட் படித்து, பரீட்சை முடிவும் வந்து, பாப்பிரெட்டிப்பட்டிக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் ஊருக்குத் திரும்பியிருந்தேன். கணக்கில் பிரமாதமான மார்க்கு. பௌதிகத்தில் நல்ல மார்க்கு. ரசாயனத்தில் என்னமோ தேறிவிட்டேன், அவ்வளவுதான். இன்ஜினீயருக்குப் படிக்க வேண்டும் என்பது என் ஆசை. ஏன் என்று கேட்டவர்களிடமெல்லாம் பாலம் கட்டி தேசத்துக்கு உழைக்க என்று சொல்லிக்கொண்டிருந்தேன். உண்மை வேறு. எனக்குப் பத்து வயதிருக்கும்போது தொப்பூர்க் கணவாயில் மழை அடித்து ரோடு அறுத்துக்கொண்டு போயிற்று. அதைப் பார்க்க ஒரு இன்ஜினீயர் வந்தார். சின்ன உருவம், சோடாப் புட்டிக் கண்ணாடி. அவர் ஒரு பாறையைக் காட்டி, 'இதை எடு' என்றார். இருபது பேர் ஓடினார்கள். எங்கள் வீட்டில் நான் ஒரு சொம்பு தண்ணீர் கேட்டால் ஒருத்தர்கூடத் திரும்பிப் பார்க்கமாட்டார். அன்றைக்கே என் தொழில் முடிவாகிவிட்டது.

இன்ஜினீயர் படிப்பு கிடைக்காவிட்டால் என்ன கதி என்பதும் முடிவாகியிருந்தது. என் மாமா, அதாவது அம்மாவின் தம்பி, அரூர் தாலுகா ஆபீசில் குமாஸ்தா. பரீட்சை முடிவு வந்த வாரமே வந்து சொல்லிவிட்டார்.

"ஜூலையில எங்க ஆபீசுல ஒரு டெம்ப்ரவரி போஸ்டு காலியாவுது. தாசில்தார்கிட்ட சொல்லி வெச்சிருக்கறேன். காலேசு கெடைக்கலைன்னா நேரா வந்து என் எதுத்த நாற்காலியில உக்காந்துக்க வேண்டியதுதான்."

அந்த நாற்காலியை நான் பார்த்திருக்கிறேன். அதற்கு மூன்றரைக் கால். மீதி அரைக் காலுக்குப் பழைய அடங்கல் கணக்குக் காகிதத்தை மடித்து வைத்திருந்தார்கள். அது பரவாயில்லை. மாமா பொடி போடுகிறவர். ஒவ்வொரு காகிதக் கட்டை அவிழ்க்கும்போதும் ஒரு தும்மல், கட்டும்போது ஒரு தும்மல். எதிர் நாற்காலிக்காரர்தான் அதை முப்பது வருஷம் வாங்கிக்கொள்ள வேண்டும். எனக்கு முன்னால் அதில் உட்கார்ந்திருந்தவர் உடம்பு சரியில்லை என்று லீவு போட்டவர், திரும்பி வரவே இல்லை.

எத்தனை காலேஜுக்கு மனுப் போடுவது, எந்தெந்தக் காலேஜ் என்ற யோசனையைச் சொன்னவரும் அந்த மாமாதான். காலேஜைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் மனுவைப் பற்றி அவருக்குத் தெரியாதது ஒன்றுமில்லை.

"மனு போடறதுக்குன்னு ஒரு வெதம் இருக்குதுடா. வெவரம் தெரியாதவன் தாசில்தாருக்கு மட்டும் போட்டுட்டு வூட்டுல குந்திக்கினு இருப்பான். வெவரம் தெரிஞ்சவன் அதையே கலெக்டருக்கு ஒண்ணு, சப்கலெக்டருக்கு ஒண்ணு, தாசில்தாருக்கு ஒண்ணு, கீழ ரெவின்யூ இன்ஸ்பெக்டருக்கு ஒண்ணுன்னு போடுவான். மேல இருக்கறவன் பாக்கமாட்டான். பாத்துட்டா யோகம். நடுவுல இருக்கறவன் பாத்தாலும் பாப்பான். கீழ இருக்கறவன் பாத்துத்தான் ஆவணும், அவனுக்கு வேற வேல கெடையாது."

நியாயமாகத்தான் பட்டது. ஒரு நோட்டுத்தாளில் நாலு கோடு போட்டு எழுதினேன். எல்லாவற்றுக்கும் மேலே சென்னையில் இருந்த காலேஜ். மாகாணம் முழுவதிலிருந்தும் கெட்டிக்காரப் பையன்கள் அதைத்தான் கேட்பார்கள். என் ரசாயன மார்க்கை வைத்துக்கொண்டு அதைக் கேட்பதே கொஞ்சம் துணிச்சல்தான். அதற்குக் கீழே பெங்களூர். கிட்டக்கே இருந்தாலும் அது மைசூர் ராஜ்யம். தங்கள் பையன்களுக்குப் போக மிச்சம் இருந்தால்தான் நமக்கு. அடுத்தது கோயம்புத்தூர். அங்கே காலேஜ் புதிது, அதிகம் பேருக்குத் தெரியாது, என் மார்க்குக்கு நியாயமாகக் கிடைக்க வேண்டியது. கடைசியில் ஓவர்சியர் படிப்பு சொல்லிக்கொடுக்கும் ஒரு பள்ளிக்கூடம். அதில் இன்ஜினீயர் ஆக முடியாது, ஆனால் இன்ஜினீயருக்குப் பின்னாலேயே நடக்கலாம். அவர் காட்டுகிற பாறையை இன்னொருவனுக்குக் காட்டலாம். இடம் நிச்சயம் கிடைக்கும். எதிர் நாற்காலியிலிருந்து தப்பித்தேன் என்று வைத்துக்கொள்ளலாம்.

அம்மா பட்டியலை வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, "இதுல எந்த ஊருல கேவுருக் களி போடுவாங்க?" என்றாள். பெங்களூரில் போடுவார்கள் என்றேன். "அப்ப அதையே மேல எழுது" என்றாள். பட்டியலில் அவளுடைய பங்கு அவ்வளவுதான்.

சிக்கல் அப்பாவிடம் வந்தது.

அப்பாவுக்கு மானாவாரியும் கிணற்றுப் பாசனமுமாகக் கொஞ்சம் நிலம். ஆனால் சுற்றுப்பட்டில் அவரைத் தெரிந்தது நிலத்தால் அல்ல. யார் வீட்டில் பையனுக்குப் பெண் பார்ப்பதானாலும் வெற்றிலை பாக்குத் தட்டை எடுத்துக்கொண்டு முன்னால் போக அவரைத்தான் கூப்பிடுவார்கள். அவருக்கு இரண்டு கட்டுப்பாடுகள் இருந்தன. ஒரு வீட்டில் வெற்றிலை பாக்கு வைத்துக் கேட்டாகிவிட்டால், அவர்கள் ஆமென்றோ இல்லையென்றோ சொல்கிறவரைக்கும் இன்னொரு வீட்டு வாசலை மிதிக்கக் கூடாது. இரண்டாவது, பையனிடம் என்ன கோளாறு இருக்கிறதோ அதைப் பெண் வீட்டில் நாமே முதலில் சொல்லிவிட வேண்டும். இதனால் அவர் கேட்கப் போய்ப் பல கல்யாணங்கள் நடக்காமலே போயின. நடந்தவற்றில் சண்டை கிடையாது. தன் சொந்தப் பெரியப்பா மகன் ஒரே மாதத்தில் இரண்டு வீட்டில் பெண் பார்த்தார் என்பதற்காக அவரோடு பேச்சை விட்டவர் எங்கள் அப்பா.

நான் பட்டியலைக் காட்டியதும் அவர் முகம் மாறிவிட்டது.

"நாலு எடத்துலயா? ஒரே சமயத்துலயா?"

"ஆமாங்கப்பா. ஒண்ணு இல்லைன்னாலும் இன்னொண்ணு."

"அப்ப நாலு பேரும் ஆவட்டும்னு சொன்னா, மூணு பேரு மொகத்துல கரியப் பூசுவியா?"

நான் விடவில்லை. அவருடைய பாஷையிலேயே சொல்லிப் பார்த்தேன். "நீங்க காட்டுல கேவுரு மட்டுமா போடறீங்க? ஊடால அவரை போடறீங்க, ஆமணக்கு போடறீங்க. மழை எப்படிப் பேஞ்சாலும் ஏதாச்சும் ஒண்ணு கைக்கு வரட்டும்னுதான? அதேதாங்க இது."

பெரிய வக்கீல் மாதிரி பேசிவிட்டதாக எனக்கு நினைப்பு. அப்பா யோசிக்கக்கூட இல்லை.

"நெலம் நம்முது. அதுல நாம எதை வேணும்னாலும் போடலாம். காலேசு அடுத்தவங்க வூடு."

எனக்குக் கோபம்தான் வந்தது. கோபத்தில் ஒரு காரியம் செய்தேன். சரி, சென்னைக்கு மட்டும் போடுகிறேன் என்று சொல்லிவிட்டு, இரண்டு நாள் கழித்து நாலு மனுவையும் கொண்டுபோய் அவர் முன்னால் வைத்தேன். நாலிலும் தகப்பனார் கையெழுத்து வேண்டும். அப்பாவுக்குத் தமிழ் நன்றாக எழுதப் படிக்கத் தெரியும், இங்கிலீஷ் தெரியாது.

"ஏன்டா நாலு இருக்குது?"

"ஒரே காலேசுக்குத்தாங்க. நாலு காப்பி கேக்கறாங்க."

"நாலு என்னாத்துக்கு?"

"சர்க்கார்ல அப்படித்தாங்கப்பா."

மாமாவின் ஆபீசைப் பார்த்திருந்ததால் அப்பா இதை உடனே நம்பிவிட்டார். நாலிலும் நிதானமாக, சுழித்துச் சுழித்துக் கையெழுத்துப் போட்டார். மையை ஊதிக்கூடக் கொடுத்தார். நான் நாலையும் ரிஜிஸ்டர் தபாலில் அனுப்பிவிட்டு, ஊரிலேயே கெட்டிக்காரன் நான்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

ரிஜிஸ்டர் தபால் போய்ச் சேர்ந்தால், வாங்கினவர் கையெழுத்துப் போட்ட ஒரு அட்டை அனுப்பினவருக்கே திரும்பி வரும். இது எனக்குத் தெரியும். ஆனால் அந்த அட்டைகள் வருகிற சமயத்தில் நான் ஊரில் இருக்க வேண்டும் என்பது தோன்றவில்லை. தாசில்தாரிடம் ஏதோ ஒரு சர்டிபிகேட் வாங்க அரூர் போய், மாமா வீட்டில் இரண்டு நாள் தங்கிவிட்டேன். அந்த இரண்டு நாளில் நாலு அட்டையும் வந்துவிட்டன. எங்கள் தபால்காரர் அட்டையைச் சும்மா கொடுத்துவிட்டுப் போகிற ஆள் இல்லை. எந்த ஊர், எந்தக் காலேஜ் என்று அப்பாவுக்கு ஒவ்வொன்றாகப் படித்துக் காட்டியிருக்கிறார். "நாலு ஊருக்குப் பேரு போயிருச்சுங்க உங்க பையனுக்கு" என்று பாராட்டியும் இருக்கிறார்.

நான் அரூரிலிருந்து வந்து சாப்பிட உட்கார்ந்தேன். அப்பா எதிரில் வந்து உட்கார்ந்தார். சத்தம் போடுவார் என்று எதிர்பார்த்தேன். போடவில்லை.

"நாலு எடத்துக்கும் நானே எழுதிட்டேன்" என்றார்.

"என்னான்னுங்க?"

"உள்ளதை எழுதினேன். காலையிலதான் தபால்காரர் எடுத்துக்கினு போனாரு."

என்ன எழுதினார் என்று கேட்டேன். அவர் முதலில் ஒரு காகிதத்தில் எழுதிப் பார்த்துவிட்டு அப்புறம் நாலு பிரதி எடுத்திருந்தார். முதல் காகிதத்தை எடுத்துக் கொடுத்தார். அது கிட்டத்தட்ட இப்படி இருந்தது:

'காலேஜ் பெரியவர் அவர்கள் சமூகத்துக்கு. க்ஷேமம். எங்கள் பையன் தங்கள் இடத்தில் கேட்டிருக்கிறான். அதே சமயம் வேறு மூன்று இடங்களிலும் கேட்டிருக்கிறான். இது எனக்குத் தெரியாமல் நடந்தது. தெரிந்திருந்தால் நடக்க விட்டிருக்கமாட்டேன். தங்களுக்கு வேறு நல்ல பையன் அமைந்தால் எங்களுக்காக நிறுத்திவைக்க வேண்டாம். எங்களுக்கு மனத்தாங்கல் இல்லை. பையனைப் பற்றிச் சொல்ல வேண்டியது: கணக்கு நன்றாக வரும். ரசாயனம் சுமார். முன்கோபம் உண்டு. காலையில் எழுப்பினால் ஒரு தடவையில் எழுந்திருக்கமாட்டான்.'

அதோடு காகிதம் முடிந்து, பின்பக்கம் திருப்ப வேண்டியிருந்தது. நான் திருப்பவில்லை. சாப்பிட்ட கையோடு எழுந்து நின்றுவிட்டேன். காகிதத்தின் நாலு மூலையிலும் மஞ்சள் தடவியிருந்தது.

"மாதிரிக்கே மஞ்சள் தடவிட்டீங்களா?" என்று கேட்டேன். அந்த நேரத்தில் என் வாயில் வந்தது அதுதான்.

"மொதல்ல இதையேதான் அனுப்பலாம்னு இருந்தேன். ஒரு எழுத்து கலைஞ்சிருச்சு" என்றார் அப்பா.

நான் கத்தினேன். என்ன கத்தினேன் என்று இங்கே எழுதமாட்டேன். பக்கத்து வீட்டு வாத்தியாரின் சைக்கிளைக் கேட்காமலே எடுத்துக்கொண்டு பாப்பிரெட்டிப்பட்டி தபாலாபீசுக்கு விட்டேன். மத்தியானத் தபால் பை பஸ்ஸில் ஏறிப் பொம்மிடி ஸ்டேஷனுக்குப் போய்க்கொண்டிருக்கிறது என்றார்கள். அங்கே போய் ரயிலில் ஏறிவிட்டால் முடிந்தது கதை.

பஸ்ஸைச் சைக்கிளில் துரத்திப் பிடிக்க முடியுமா என்று இப்போதைய பிள்ளைகள் கேட்பார்கள். அது கரி பஸ். யுத்தகாலத்தில் பெட்ரோலுக்குப் பஞ்சம் வந்ததால், பின்னால் ஒரு பீப்பாயைக் கட்டி, அதில் அடுப்புக் கரியைப் போட்டு எரித்து, அந்தப் புகையிலே பஸ்ஸை ஓட்டினார்கள். சமதரையில் ஓடும். மேட்டைக் கண்டால் நின்றுவிடும். பொம்மிடி ரோட்டில் ஒரு மேடு உண்டு, அதை நம்பித்தான் நான் மிதித்தேன். நம்பிக்கை வீண்போகவில்லை. மேட்டுக்குக் கீழே பஸ் புகையைக் கக்கிக்கொண்டு நின்றது. ஜனங்கள் இறங்கிக்கொண்டிருந்தார்கள். தபால் பை டிரைவருக்குப் பக்கத்தில், அரக்கு முத்திரையோடு ராஜா மாதிரி உட்கார்ந்திருந்தது.

கண்டக்டரிடம் ஓடினேன். "அந்தப் பையில ஒரு கடுதாசிக் கட்டு இருக்குதுங்க. அதை எடுத்துக்கணும்."

"சர்க்கார் பை தம்பி. தொட்டா ஜெயிலு."

"எங்கப்பா எழுதினதுங்க."

"எல்லார் அப்பன் எழுதினதும் அதுக்குள்ளதான் இருக்குது. சைக்கிள ஓரமாப் போட்டுட்டுத் தள்ளு."

"நான் பிரயாணி இல்லீங்க."

"தெரியும். தள்ளு."

பின்னால் ஏற்கனவே ஏழெட்டுப் பேர் தோள் கொடுத்து நின்றுகொண்டிருந்தார்கள். ஒரு கிழவர் என்னைப் பார்த்து, எளவட்டம் நீ வேடிக்கை பாக்கற, நான் தள்ளறேன் என்றார். வேறு வழியில்லை. நான் தள்ளினேன். என் தலையில் மண்ணைப் போடுகிற நாலு கடிதங்களை நானே தோள் கொடுத்து மேட்டின் மேல் ஏற்றிவிட்டேன். உச்சிக்குப் போனதும் பஸ் ஒரு தும்மல் தும்மிவிட்டு இறக்கத்தில் போயே போய்விட்டது. அந்தத் தும்மலில் மாமாவின் ஞாபகம் வந்தது.

முகமெல்லாம் கரியோடு வீட்டுக்கு வந்தேன். எங்கே போனாய் என்றார் அப்பா. பஸ் தள்ள என்றேன். அவரோடு நான் பேசாமல் இருந்தது பன்னிரண்டு நாள். சாப்பாடு கேட்பதற்கு அம்மாவை நடுவில் வைத்துப் பேசினேன். எனக்கு அப்போது நிஜமாகவே அவர்மேல் வெறுப்பாக இருந்தது. ஊரார் பிள்ளைகளின் கல்யாணத்தைக் கெடுத்தது போதாதென்று என் படிப்பையும் கெடுத்துவிட்டார் என்று நினைத்தேன்.

முதலில் பதில் போட்டது ஓவர்சியர் பள்ளிக்கூடம்தான், எது நிச்சயம் கிடைக்கும் என்று கடைசியில் வைத்திருந்தேனோ அது. 'தங்கள் தகப்பனார் கடிதம் கிடைத்தது. தாங்கள் உயர்ந்த படிப்புகளுக்கு முயற்சி செய்வதால், இவ்விடத்திய மனுவை வாபஸ் பெற்றதாகக் கருதி வேறொருவருக்கு இடம் அளிக்கப்பட்டது.' அப்பா அதைப் படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு மனம் குளிர்ந்துபோனார். "பாத்தியா? மரியாதப்பட்ட மனுசங்க. காக்க வெக்காம ஒடனே பதில் போட்டுட்டாங்க" என்றார். அடுத்து சென்னை. அச்சடித்த ஒரு சின்னக் காகிதம், வருந்துகிறோம் என்று. பெங்களூரும் வருந்தியது. களிக்காக அம்மாவும் வருந்தினாள்.

ஆக மேலே இருந்ததும் போய், கீழே இருந்ததும் போய், நடுவில் கோயம்புத்தூர் ஒன்று மட்டும் மிச்சம். அவர்கள் மட்டும் நேரில் வரச்சொல்லிக் கார்டு போட்டிருந்தார்கள். அப்பாவுக்கு அதில் ஆச்சரியமே இல்லை. இப்போதுதான் காரியம் ஒழுங்காக இருக்கிறது, ஒரு சமயத்தில் ஒரு வீடு என்றார்.

ஜூலை நெருங்கிக்கொண்டிருந்தது. மாமா வந்து, நாற்காலிக்குப் புதுக் கால் போட்டாகிவிட்டது என்ற நல்ல செய்தியைச் சொன்னார். போகும்போது என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"அங்க ஒங்கப்பன் கடுதாசிய எடுப்பாங்க. நீ ஒத்துக்காத. மொட்டைக் கடுதாசி, யாரோ வேண்டாதவங்க எழுதிட்டாங்கன்னு சொல்லிப்போடு. எங்க ஆபீசுல மொட்டைக் கடுதாசின்னா கிழிச்சுப் போட்டுட்டு அடுத்த கட்டை அவுப்போம்."

"கையெழுத்துப் போட்டிருக்காருங்களே மாமா."

"கையெழுத்து எவன் வேணும்னாலும் போடலாம். இருபது வருசமா பாக்கறனே."

பொம்மிடியில் ரயில் ஏறிக் கோயம்புத்தூர் போனேன். கதர் வேட்டியும், வாத்தியாரிடம் இரவல் வாங்கிய கோட்டும். இந்தத் தடவை கேட்டே வாங்கினேன். அப்பா வரவில்லை. முதல் மழை பெய்து ஏர் பூட்டியிருந்தது. வாசலில் நின்று, கேட்டதற்கு மட்டும் பதில் சொல், அதிகம் பேசாதே என்று மட்டும் சொன்னார். நான் தலையைக்கூட ஆட்டவில்லை.

அங்கே ஒரு நீள மேஜைக்குப் பின்னால் மூன்று பேர் இருந்தார்கள். நடுவில் தங்கப் பிரேம் கண்ணாடி போட்டவர்தான் தலைவர். ஒரு பக்கம் பஞ்சகச்சமும் கோட்டுமாக ஒரு கணக்குப் பேராசிரியர். இன்னொரு பக்கம் கண்ணை மூடியபடி ஒருவர், கடைசிவரை திறக்கவில்லை. எல்லாம் இங்கிலீஷில் நடந்தது. கணக்கில் இரண்டு கேள்வி கேட்டார்கள், சொன்னேன். ரோட்டுக்கு அடியில் கல்வெர்ட் என்கிற சின்ன மதகு எதற்கு வைக்கிறார்கள் என்று கேட்டார்கள். தொப்பூரில் பார்த்ததை வைத்து அதையும் சொன்னேன். ரசாயனத்தில் ஒன்று கேட்டார்கள். அதைச் சொல்லவில்லை. மொத்தத்தில் தேறிவிடும் போலத்தான் இருந்தது. கண்ணாடிக்காரர் பேனாவைக்கூடத் திறந்துவிட்டார்.

அப்போது பஞ்சகச்சக்காரர் என் மனுவுக்கு அடியிலிருந்து ஒரு காகிதத்தை உருவினார். மூலையில் மஞ்சள்.

"இது யார் எழுதியது?" என்றார், தமிழில்.

வழியெல்லாம் நான் சொல்லிப் பழகிக்கொண்டு வந்ததைச் சொன்னேன். "தெரியாது சார். மொட்டைக் கடிதம். யாரோ வேண்டாதவர்கள்."

"கையெழுத்து இருக்கிறதே. உன் தகப்பனார் பெயர்."

"அவர் எழுதவில்லை சார்."

"அப்படியா? பாவம்" என்றார் அவர். "இதை நிஜமாகவே ஒரு தகப்பனார் எழுதியிருந்தால், மற்றக் கேள்விகளைக் கேட்காமலே நான் இடம் கொடுக்கச் சொல்லியிருப்பேன். கடைசியில் என்ன எழுதியிருக்கிறார் தெரியுமா?"

நான் தெரியாது என்றேன். அது மட்டும் உண்மை. அவர் காகிதத்தைப் பின்பக்கம் திருப்பி, கண்ணாடிக்காரருக்கும் கேட்கிற மாதிரி உரக்கப் படித்தார்.

'பையன் இந்த விஷயத்தில் என்னிடம் ஒரு தடவை பொய் சொல்லிவிட்டான். இனிமேல் சொல்லமாட்டான். அதற்கு நான் உத்திரவாதம்.'

என் காது இரண்டும் சூடாகிவிட்டது. கண்ணாடிக்காரர் என்னமோ கேட்டார், காதில் விழவில்லை. அப்புறம் எனக்கு வந்தது அழுகை இல்லை, கோபம். யார்மேல் என்று தெரியாத கோபம். இங்கிலீஷெல்லாம் பறந்துவிட்டது.

"எங்கப்பாதான் சார் எழுதினாரு. எழுத்துக்கு எழுத்து அவர் எழுதினதுதான். அவர் எழுதினது ஒண்ணுகூடப் பொய் இல்ல. நான்தான் இப்பப் பொய் சொன்னேன். நீங்க இடம் குடுக்க வேண்டாம், அதைக் குடுங்க, நான் எடுத்துக்கிட்டுப் போறேன்" என்று மேஜையில் கையை ஊன்றிக் கத்தினேன். மைக்கூடு ஆடியது. தூங்கிக்கொண்டிருந்தவர் அப்போதும் கண்ணைத் திறக்கவில்லை.

பஞ்சகச்சக்காரர் மைக்கூட்டைப் பிடித்து நிறுத்தினார். என் மனுவை எடுத்து அந்தக் கடிதத்துக்குப் பக்கத்தில் வைத்துக் காட்டினார். இரண்டிலும் ஒரே சுழித்த கையெழுத்து. "எங்களுக்கு முன்னாலேயே தெரியும்" என்றார். கண்ணாடிக்காரர் என்ன நடக்கிறது என்று இங்கிலீஷில் விசாரித்தார். இவர் சொல்லச் சொல்லக் கேட்டுவிட்டு, முன்கோபம் என்று எழுதியிருப்பது சரிதான் போலிருக்கிறது, இனி காலையில் எழுந்திருப்பதைத்தான் கவனிக்க வேண்டும் என்றார். அடுத்த பையனைக் கூப்பிடச் சொன்னார்கள். கடிதத்தை எனக்குத் திருப்பித் தரவில்லை.

எட்டாம் நாள் கோயம்புத்தூரிலிருந்து இடம் கொடுத்துக் கடிதம் வந்தது. அம்மா அடுப்பை விட்டு ஓடிவந்தாள். மாமா கேள்விப்பட்டு, நாற்காலிக்குக் கால் போட்டது வீண் என்றார். அப்பா ஏரை நிறுத்திவிட்டு வந்து, காலைக் கழுவிக்கொண்டு, கடிதத்தை இரண்டு கையாலும் வாங்கிப் பார்த்தார். இங்கிலீஷில் இருந்ததை ஒரு வரி விடாமல் பார்த்தார்.

"மத்த மூணு எடத்துக்கும் எழுதிப்போடு. எங்களுக்கு எடம் அமைஞ்சிருச்சு, வேற பாத்துக்கங்கன்னு."

"அவங்கதான் முன்னாடியே இல்லைன்னுட்டாங்களேப்பா."

"அது அவங்க மரியாத. இது நம்ம மரியாத."

எழுதினேன். இடம் தர மறுத்த மூன்று காலேஜுக்கும், எங்களுக்காகக் காத்திருக்க வேண்டாம் என்று என் கைப்பட எழுதினேன். எனக்குச் சிரிப்பு வந்தது, கோபம் வரவில்லை. மஞ்சளையும் நானே தடவினேன். கீழே என் பெயரை மட்டும் போட மனம் வரவில்லை. அப்பாவின் பெயரை முழுசாக எழுதி, அவருடைய மகன் என்று போட்டேன்.

அவர் பக்கத்திலேயே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"என் கடுதாசிய அங்க பாத்தாங்களா?"

"படிச்சாங்க. சத்தமாவே படிச்சாங்க."

"உத்திரவாதம் போட்டிருந்தேனே, அதையும்?"

"அதையுந்தாங்கப்பா."

"ம்" என்று தலையை ஆட்டிக்கொண்டார். அவருக்கு அவ்வளவு திருப்தி. அப்புறம் மாட்டை அவிழ்க்கப் போய்விட்டார்.

நான் படித்து, இன்ஜினீயராகி, பாறைகளைக் காட்டி, ஆட்கள் ஓடியும் பார்த்துவிட்டேன். லீவில் ஊருக்குப் போகும்போதெல்லாம் கோயம்புத்தூரில் நடந்ததை அப்பா சொல்லச் சொல்லிக் கேட்பார். கல்வெர்ட் கேள்வியைச் சொல்வேன், மைக்கூடு ஆடினதைச் சொல்வேன், தூங்கினவரைச் சொல்வேன். நடுவில் அந்தக் கொஞ்ச நேரம், அவர் எழுதவில்லை என்று நான் சொன்னதை, அவர் இருந்தவரைக்கும் சொல்லவில்லை. கேட்டிருந்தால் மறைத்திருக்கமாட்டேன். அவர் கேட்கவில்லை. உத்திரவாதம் கொடுத்த மனிதர் எதற்காகக் கேட்கப்போகிறார்?